எல்டன் பார்க்காமல் விட்ட கொக்கி

எல்டன் டீட்ஜெனின் பழுது பார்க்கும் கடைக்குப் பழைய துப்பாக்கியைவிடப் புதுத் துப்பாக்கிதான் அதிகம் வரும். எங்கள் ஊர் லோடெலில் அது யாருக்கும் விசித்திரமாகப் படாது. வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்து, தொழிற்சாலை எண்ணெய் வாடைகூடப் போகாத பிஸ்டலை எடுத்து, வயலோரத்து மண்மேட்டில் தோட்டா அடுக்கிய மகசின் ஒன்றைச் சுட்டுப் பார்ப்பார்கள். மூன்றாவது குண்டிலோ நான்காவது குண்டிலோ ஏதாவது இடறும். அடுத்த காரியம் எல்டன் கடைதான்.

தொழிற்சாலையில் விட்ட குறைகள் எல்லாம் அற்பமானவை. தோட்டா ஏறும் சரிவில் சொரசொரப்பு இருக்கும். மகசினின் உதடு ஒரு பக்கம் நெருங்கியிருக்கும். விசையை இழுத்தால் நடுவில் மணல் அரைபடுவது போல இருக்கும். எல்டன் வாங்கியதும் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு காதருகே கொண்டுபோய் மேல்பாகத்தை மெல்லப் பின்னுக்கு இழுத்து, மெல்ல முன்னுக்கு விடுவார். கண்கள் மூடியிருக்கும். பெரும்பாலும் அங்கேயே பழுது தெரிந்துவிடும். "சொல்ல வேண்டாம், சொல்ல வேண்டாம்" என்று கையை நீட்டித் தடுப்பார். வந்தவர் தன் குறையைச் சொல்லி முடிப்பதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. கை அவ்வளவு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இது நல்ல துப்பாக்கிடா மார்வ். தப்பான ஆள் கையில வந்து மாட்டிக்கிச்சு, பாவம்" என்பார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். மார்வும் சிரிப்பான். அடுத்த நாள் காலை தானியக் கிடங்கில் காப்பி குடிக்கும்போது அதே நகைச்சுவை இன்னொரு முறை வரும். நான் அந்தக் கிடங்கில் லாரிகளின் எடை பார்க்கும் ஜன்னலில் இருந்தவள். காப்பி மேசை என் முதுகுக்குப் பின்னால்தான். ஊரில் என்ன நடந்தாலும் என் முதுகுக்கு முதலில் தெரியும்.

அந்த வருஷம்தான் எங்கள் மாவட்டக் காவல் தலைவரான ஷெரீப் டுவெய்ன் ஸ்டோல் தன் ஆட்களிடமிருந்த பழைய ரிவால்வர்களை ஒழித்துவிட்டு எல்லாருக்கும் பிஸ்டல் வாங்கினார். எதை வாங்குவது என்று மாவட்டக் குழு மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது எல்டனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்டன் ஒரு பெயரைச் சொன்னார். அதையே வாங்கினார்கள். துப்பாக்கிகள் வந்ததும் ஒவ்வொன்றின் பிடியிலும் எல்டனே சின்னதாக ஒரு எண் குத்திக் கொடுத்தார். "இதுல குறை கண்டுபிடிச்சா என் கடையை மூடிடறேன்" என்று காப்பி மேசையில் சொன்னார். அவர் ஒரு பொருளை அப்படிப் புகழ்ந்து நாங்கள் கேட்டதில்லை.

ஏழாம் எண் பிஸ்டல் ரமோனா ஹவெல்காவுக்கு வந்தது.

ரமோனா எங்கள் மாவட்டத்தில் ஷெரீப்பின் கீழ் துணை அதிகாரியாகச் சேர்ந்த முதல் பெண். வடக்கே ஹவெல்கா பண்ணையில் வளர்ந்தவள். முப்பது வயது இருக்கும். உயரம் குறைவு, பேச்சும் குறைவு. அவள் அண்ணன்மார் இருவரும் ஊரைவிட்டுப் போன பிறகு, கன்று ஈனும் காலத்தில் அப்பாவோடு கொட்டகையில் படுத்தவள் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. துப்பாக்கிப் பரீட்சையில் தேறினால்தான் உறுதி.

பயிற்சித் திடலில் அவள் துப்பாக்கி மட்டும் அடிக்கடி நின்றுபோயிற்று. சுட்டதும் காலிக்கூடு வெளியே தெறித்து விழ வேண்டும். அவளுடையதில் அது பாதி வெளியே வந்து, மேல்பாகத்தின் இடுக்கில் புகைக்குழாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதைத் தட்டிவிட்டு மறுபடி சுட வேண்டும். பரீட்சையில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. அவள் எல்டனிடம் கொண்டுவந்தாள். வாத்து வேட்டைக் காலம் தொடங்கியிருந்தது. கடை முழுக்க ஆட்கள். மார்வும் இருந்தான், அவன்தான் பிறகு மேசையில் நடித்துக் காட்டினான்.

"எல்டன், இதைக் கொஞ்சம் கழட்டிப் பாருங்க. காலிக்கூடு வெளிய போக மாட்டேங்குது."

"எத்தனை சுட்டா ஒண்ணு நிக்குது?"

"கணக்கு இல்ல. சில நாள் ஒழுங்காப் போகுது. சில நாள் ஒரு மகசின்லயே ரெண்டு தடவை."

எல்டன் வழக்கம்போலக் காதருகே வைத்து இழுத்து விட்டார். கடைக்குப் பின்புறம் போய் மண்மேட்டில் ஒரு மகசின் முழுக்கச் சுட்டார். இன்னொன்றும் சுட்டார். எல்லாக் கூடும் ஒரே இடத்தில் போய் அழகாக விழுந்தன. அவர் கை பன்றித்தொடை அளவு இருக்கும். துப்பாக்கியைத் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"துப்பாக்கி மேல தப்பு இல்லம்மா. உன் மணிக்கட்டு. சுடும்போது கையைத் தளர விடுற. நீ விட்டுக் கொடுத்தா மேல்பாகம் முழுசாப் பின்னால வராது. அவ்வளவுதான்."

"நான் தளர விடல. கன்னுக்குட்டிக்குக் கால்ல கயிறு கட்டி இழுக்கிற கை இது."

"கன்னுக்குட்டி வேற, பிஸ்டல் வேற. பொம்பளைங்க எல்லாருக்கும் முதல்ல இதுதான் நடக்கும். வெக்கப்பட வேண்டாம். ஒரு ரப்பர் பந்து வாங்கிப் பிசைஞ்சுக்கிட்டே இரு."

"ஒரு தடவை கழட்டி உள்ள பாத்துட்டுச் சொல்லுங்களேன். வேற யாரோட துப்பாக்கியில சுட்டாலும் எனக்கு இப்படி நிக்கறதில்ல."

"நான் பாக்க வேண்டியது எல்லாம் பாத்தாச்சு."

கழற்றவில்லை. அதுதான் நடந்தது. எந்தப் புதுத் துப்பாக்கியையும் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்காத மனிதர், தானே சிபாரிசு செய்த துப்பாக்கியைப் பிரிக்காமல் கொடுத்தார்.

மறுநாள் காப்பி மேசையில் யாரோ, "என்ன எல்டன், ஹவெல்கா பொண்ணு துப்பாக்கி எடுத்துட்டு வந்தாளாமே?" என்று கேட்டார்கள். எல்டன் டோனட்டைக் காப்பியில் முக்கிக்கொண்டே சொன்னார்: "துப்பாக்கி கல்லு மாதிரி இருக்கு. கைதான் வெந்த நூடுல்ஸ்." மேசை அதிர்ந்தது. எடைப்பாலத்தில் நின்ற லாரிக்காரன்கூட என்ன என்று எட்டிப் பார்த்தான்.

அன்றோடு அவள் பெயர் போயிற்று. பெட்ரோல் போடும் இடத்தில், "வாம்மா நூடுல்ஸ்!" பள்ளிக்கூடப் பந்தாட்டத்தில் வாசலில் காவல் நின்றால், "டேய், ஒழுங்கா நில்லுங்க, நூடுல்ஸ் சுட்டுரும்! அட பயப்படாத, சுட்டாலும் நின்னுபோயிரும்!" அவள் அதற்கெல்லாம் முகம் சுளித்ததில்லை. உதட்டோரம் சின்னதாகச் சிரித்துவிட்டுப் போவாள். தமாஷை ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவள் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

பரீட்சையில் அவள் தோற்றாள். இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள், அதிலும் தோற்றாள். இரண்டு முறையும் குறி தப்பவில்லை, துப்பாக்கி நின்றுபோய் நேரம் தப்பியது. வேறு துப்பாக்கி கொடுங்கள் என்று ஷெரீப்பிடம் கேட்டாளாம். "எல்டனே பாத்துட்டுச் சொல்லிட்டாரு. கொடுத்த துப்பாக்கியில சுடத் தெரியலன்னா நான் என்ன பண்ண?" என்றார் ஷெரீப். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஊர்க்கோடியிலுள்ள இறைச்சிக் கிடங்கில் மாடு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயும் அந்தப் பெயர் கூடவே போயிற்று.

ஏழாம் எண் பிஸ்டலை ராலி வாவ்ராவிடம் கொடுத்தார்கள். ராலி காளை மாதிரி இருப்பான். அவன் கையில் அது ஒரு முறைகூட நிற்கவில்லை. "பாத்தியா?" என்றார் எல்டன். எல்லாரும் பார்த்தோம்.

இரண்டு குளிர்காலம் போனபின் ஒருநாள் ராலி வாசற்படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தான். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டோடேயே வேலைக்கு வந்தான். ஷெரீப், "அந்தக் கையால சுட முடியுமான்னு முதல்ல பாரு" என்று திடலுக்கு அனுப்பினார். மூன்று குண்டில் ஒரு கூடு நிமிர்ந்து நின்றது. மறுபடி சுட்டான், மறுபடி நின்றது. அவன் சிரித்துக்கொண்டே எல்டன் கடைக்கு வந்தான்.

"எல்டன், எனக்கும் நூடுல்ஸ் சீக்கு தொத்திக்கிச்சு. மருந்து இருக்கா?"

எல்டனும் சிரித்தார். பிஸ்டலை வாங்கினார். பிடியில் தான் குத்திய ஏழாம் எண்ணைப் பார்த்தார். அவர் சிரிப்பு எப்போது நின்றது என்று ராலிக்கு நினைவில்லை. "வச்சுட்டுப் போ, மத்தியானம் வா" என்று மட்டும் சொன்னாராம்.

தனியாக உட்கார்ந்து அதைப் பிரித்தார். மேல்பாகத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. சுட்ட காலிக்கூட்டின் விளிம்பைக் கவ்விப் பின்னால் இழுப்பது அதுதான். அந்தக் கொக்கி உட்காரும் பள்ளத்தைத் தொழிற்சாலையில் குடைந்தபோது உலோகத்தில் மெல்லிய சீவல் ஒன்று முழுசாக அறுபடாமல் தங்கியிருந்தது. நகத்துணுக்கு அளவு. ஒரு முனை பள்ளத்தின் ஓரத்தோடு ஒட்டியே இருந்தது. வெளியிலிருந்து போன தூசி என்று சொல்ல வழியில்லை. அந்தத் துப்பாக்கி பிறந்தபோதே கூடப் பிறந்தது. அது மடிந்து கொக்கியின் அடியில் முட்டும்போது கொக்கி விளிம்பை அரைகுறையாகத்தான் கவ்வும். பலமான கை இறுக்கிப் பிடித்தால் மேல்பாகம் வேகமாக வந்து, அரைகுறைப் பிடியிலேயே கூட்டை வெளியே எறிந்துவிடும். கை கொஞ்சம் லேசானால் கூடு பாதியில் நழுவும்.

எல்டன் அதை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தார். மறுபடி மாட்டி, பின்புறம் போய், இடது கையால் லேசாகப் பிடித்துச் சுட்டார். நின்றது. உள்ளே வந்து சீவலை அறுத்து எடுத்து, பள்ளத்தை வழவழப்பாக்கி, மறுபடி மாட்டி எடுத்துக்கொண்டு போய் அதே போல் சுட்டார். நிற்கவில்லை. மகசின் முழுக்கத் தீரும்வரை நிற்கவில்லை. துப்பாக்கி என்பது இறுக்கிப் பிடிக்கிறவன் கையிலும், பயந்தவன் கையிலும், குண்டடிபட்டு விழுந்தவன் கையிலும் ஓட வேண்டும். அதை எல்டன் அளவுக்கு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அறிந்திருந்தும் இரண்டு வருஷம் முன்னால் அவள் கெஞ்சிக் கேட்டபோது திருகாணியில் கை வைக்கவில்லை.

ராலி மத்தியானம் வந்தான்.

"என்னவா இருந்துச்சு?"

"அழுக்கு" என்றார் எல்டன்.

"அவ்வளவுதானா! அப்ப நான் பொழைச்சேன்" என்று ராலி போய்விட்டான்.

அவன் வண்டி திரும்பும்வரை எல்டன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி ஆர்லிஸ் பிற்பாடு என்னிடம் சொன்னாள். கதவைத் திறந்து கூப்பிடப்போகிறார் என்று நினைத்தாளாம். கூப்பிடவில்லை.

பிறகு அவர் தொழிற்சாலைக்குத் தொலைபேசி செய்தார். தான் ஊரில் உள்ள துப்பாக்கி மெக்கானிக் என்றும், கொக்கிப் பள்ளத்தில் சீவல் கிடந்தது என்றும், இதே சமயம் வந்த மற்றவற்றிலும் இருக்கலாம் என்றும் பொறுமையாகச் சொன்னார். மறுமுனையில் ஓர் இளைஞன் முழுசாகக் கேட்டான். ரொம்ப மரியாதையாகப் பேசினான்.

"புரியுது சார். ஆனா இந்த மாதிரி கேசுல பெரும்பாலும் சுடறவங்க மணிக்கட்டுலதான் சார் பிரச்சினை இருக்கும். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

அந்தப் பையன், "சார், லைன்ல இருக்கீங்களா சார்? வெக்கப்பட ஒண்ணுமில்ல சார், நிறையப் பேருக்கு நடக்கறதுதான்" என்றான். எல்டன் ரிசீவரை வைத்துவிட்டார். ஆர்லிஸ் அப்போது சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது காதுமடல் இரண்டும் சிவந்திருந்ததாம்.

"என்ன ஆச்சு? யாரு திட்டினா?"

"யாரும் திட்டல."

"பின்ன?"

"நான் பேசினதை நானே கேட்டேன்."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆர்லிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "ராலிகிட்ட அழுக்குன்னு எதுக்குச் சொன்ன?" என்று கேட்டாள். முதலில் நடந்தது கவனக்குறைவு, இரண்டாவது பொய் என்பது அவருக்கே தெரியும்.

எல்டன் காப்பி மேசைக்கு வருவதை நிறுத்தினார். முதலில் ஜலதோஷம் என்றார்கள். கடை திறந்திருந்தது, வேலை நடந்தது. ஆனால் கடையிலும் கிண்டல் நின்றுபோயிற்று. ஒருநாள் ஊர் மளிகைக்கடையில் ரமோனா ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்தவன், "நூடுல்ஸ் அக்கா, நூடுல்ஸ் அங்க அந்த அலமாரில இருக்கு" என்றான். வரிசையில் ரமோனாவுக்குப் பின்னால் எல்டன் நின்றார். கையிலிருந்த பால் டப்பாவை அப்படியே பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் பார்த்தேன். அப்போது எனக்குக் காரணம் தெரியாது.

அந்த வாரமே இறைச்சிக் கிடங்குக்குப் போனார். ரமோனா வெட்டு மேசையில் மாட்டின் பின்னங்கால் ஒன்றை மூட்டோடு பிரித்துக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை செய்த பெண் மூலம்தான் இது எனக்குத் தெரியும்.

எல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். "ரமோனா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க. நான் வேலையை நிறுத்த முடியாது."

"அந்த ஏழாம் நம்பர் துப்பாக்கி. கொக்கிப் பள்ளத்துல சீவல் இருந்துச்சு. தொழிற்சாலைத் தப்பு. உன் கை இல்ல. அன்னிக்கே கழட்டிப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல."

அவள் கத்தி நிற்கவில்லை. எலும்பை ஒட்டி வளைந்து இறங்கி, சதையைத் தனியாகப் பிரித்து எடுத்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"என் கை இல்லன்னு. அன்னிக்கே தெரியும். உங்ககிட்டயே சொன்னேனே. மத்தவங்க துப்பாக்கியில எனக்கு நின்னதே இல்லன்னு."

"சொன்ன."

"ஷெரீப்கிட்டயும் சொன்னேன்."

எல்டன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோம்மா."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட்ட முகமாக இல்லை, சோர்ந்த முகமாக இருந்தது. "எல்டன், இந்த ஊர்லயே இது தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். தெரியாதது மத்த எல்லாருக்கும்தான். என்கிட்ட ரகசியமா வந்து சொன்னா எனக்கு என்ன? நீங்க நூடுல்ஸ்னு சொன்னது என் காதுல மட்டுமா சொன்னீங்க? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க." பிறகு கையுறையைச் சரிசெய்துகொண்டு, "கொஞ்சம் தள்ளிக்கோங்க, வண்டி வருது" என்றாள். மாட்டுச் சதை தொங்கும் தள்ளுவண்டி ஒன்று அவரைத் தாண்டிப் போயிற்று.

அங்கிருந்து எல்டன் நேரே ஷெரீப் அலுவலகம் போனார். விஷயத்தைச் சொல்லி, எல்லாத் துப்பாக்கியையும் தான் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார். மேலும் இரண்டில் அதே சீவல் இருந்தது. அவை பெரிய கைக்காரர்களிடம் இருந்ததால் தெரியவில்லை. ஒரு நாள் அவர்களில் ஒருவன் கையில் அடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஷெரீப்புக்கு விளங்க நேரமாகவில்லை. முகம் வெளுத்தது. ஆனாலும் கதவைச் சாத்தினார்.

"சரி பண்ணிட்டல்ல? அதோட விடு. வெளிய பேசாத."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு இப்ப ஒரு வேலை இருக்கு. எல்டன், நீ வாயைத் திறந்தா அடுத்த தேர்தல்ல என்னைக் குழி தோண்டிப் புதைச்சிருவாங்க. நீ சொன்னதாலதானே நான் அந்தத் துப்பாக்கி வாங்கினேன்? நீ சொன்னதாலதானே அவளை அனுப்பினேன்?"

"ஆமா டுவெய்ன். அதைத்தான் வெளிய சொல்லணும்."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் முன்னாள் படைவீரர் மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். கத்தோலிக்கர், லூத்தரன் என்ற பேதம் இல்லாமல் ஊரே வரும். வறுத்த மீன், முட்டைக்கோஸ் கூட்டு, குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு. கடைசியில் குலுக்கல். பரிசு எப்போதும் ஒரு துப்பாக்கிதான். பல வருஷமாகச் சீட்டு எடுப்பவர் எல்டன். எடுப்பதற்கு முன் யாரையாவது வம்புக்கு இழுப்பார். அதைக் கேட்கவே பாதிப்பேர் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று அவர் மைக் பிடித்ததும் மார்வ் கத்தினான்: "டேய் எல்டன், இந்த வருஷம் பரிசு இறுக்கிப் பிடிக்கிறவனுக்கா, தளர விடுறவனுக்கா?" சிரிப்பு எழுந்தது. எங்கிருந்தோ "நூடுல்ஸுக்குக் கொடு!" என்று குரல் வந்தது.

"அதைப் பத்திதான் பேசணும்" என்றார் எல்டன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். தமாஷ் தொடங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

அவர் சீவலைப் பற்றிச் சொன்னார், கொக்கியைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு குறைந்தது. சமையலறையில் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. "ரமோனா ஹவெல்கா என்கிட்ட கழட்டிப் பாருங்கன்னு கேட்டா. நான் கழட்டல. ஏன்னா அந்தத் துப்பாக்கியை நான்தான் நல்லதுன்னு சொல்லியிருந்தேன். தப்பு துப்பாக்கியில இருக்கறதைவிட அவ கையில இருக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு. அப்புறம் அவளுக்கு ஒரு பேர் வச்சேன். நீங்க எல்லாரும் கூப்பிடறீங்க. போன மாசம் நான் அந்தச் சீவலை எடுத்தேன். எடுத்துட்டு, ராலி, உன்கிட்ட அழுக்குன்னு பொய் சொன்னேன். என் பேர் கெட்டுடக் கூடாதுன்னு." மைக் சும்மா இரைந்தது.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் ஊரில் யாரும் இப்படி எழுந்து நின்று பேசமாட்டார்கள். தட்டைப் பார்த்தோம். ஷெரீப் எழுந்து பின்கதவு வழியாக வெளியேறினார். கடைசியில் மார்வ், அவனுக்குத் தெரிந்த ஒரே தொனியில், "சரிடா எல்டன், உக்காரு, மீன் ஆறுது" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எல்டன் சீட்டு எடுக்கவில்லை. பாதிரியார் வந்து எடுத்தார். யார் பெயர் விழுந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

ரமோனா அங்கே இல்லை. அவள் அந்த விருந்துகளுக்கு வருவதை எப்போது நிறுத்தினாள் என்று அன்றுதான் எங்களில் பலர் யோசித்தோம்.

ஊர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சிலர் ஷெரீப்பைத் திட்டினார்கள். சிலர் எல்டனை மெச்சினார்கள், அது அவருக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. முதுகில் தட்டி, "பெரிய மனசுடா உனக்கு" என்றால் அவர் நெளிவார், பேச்சை மாற்றுவார். "நூடுல்ஸ்" என்ற பெயர் நாக்கிலிருந்து இறங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. வாய்வரை வந்து பாதியில் விழுங்குவார்கள். அதுவும் அவள் காதில் விழுந்திருக்கும்.

ஷெரீப் மறுபடி பரீட்சை வைப்பதாக ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. "அங்க இனி எனக்கு என்ன இருக்கு?" என்று மட்டும் சொன்னாளாம். அடுத்த வருஷம் கிழக்கே பக்கத்து மாவட்டத்தில் விண்ணப்பித்து, பரீட்சையில் தேறி, அங்கே துணை அதிகாரியானாள். தினமும் வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போய் வருவாள். லோடெலை விட்டுக் குடிபோகவில்லை.

எல்டன் காப்பி மேசைக்குத் திரும்பினார். ஓரமாக உட்காருவார். புதுத் துப்பாக்கியோடு யார் வந்தாலும், "என்ன நடக்குது, முழுசாச் சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டினார். பின்புறம் போய் அவரவரையே சுடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்ப்பார். கிழவிகள், மூட்டுவாதக்காரர்கள், சின்னக் கைக்காரர்கள் எல்லாரும் வர ஆரம்பித்தார்கள். முன்பு இவர்களெல்லாம் அவர் கிண்டலுக்குப் பயந்து பழுதோடேயே வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை ஒரு கிழவி அவரிடமே சொன்னாள். அவர் அவள் துப்பாக்கியைப் பிரித்தார்.

சில வருஷம் கழித்து, வாத்துக் காலத்தில், ரமோனா அவர் கடைக்கு வந்தாள். அப்பாவின் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று இறுகிக்கொண்டது, அடுத்த ஊரில் பழுது பார்ப்பவன் கைவிரித்துவிட்டான். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள். அப்பாவுக்கு முட்டி வலி, ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் குறைவு, வாத்து தெற்கே தாமதமாகத்தான் போகும். எல்டன் "ஆமா, ஆமா" என்று மேசையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். முடித்து நீட்டியபோதும் நிமிரவில்லை. அவள் வாங்கி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "நல்லா இருக்கு எல்டன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் வந்தாள்.

"அவ மன்னிச்சுட்டா போல" என்று நான் ஒருமுறை ஆர்லிஸிடம் சொன்னேன். எடைப்பாலத்து ஜன்னலுக்கு வெளியே சோள லாரி நின்றுகொண்டிருந்தது.

"அவ மன்னிச்சாளோ என்னவோ, நான் கேட்டுக்கல" என்றாள் ஆர்லிஸ். "ஆனா அவ வந்துட்டுப் போற அன்னிக்கு இந்த மனுஷன் ராத்திரி சாப்பாட்டுல கை வைக்க மாட்டான். இன்னிக்கும் அப்படித்தான். காலையில வந்துட்டுப் போனா."